ஊன்றுகோலோடு வகுப்புக்குள் போகலாமா? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் சிறப்புக் கல்விப் படிப்புகள், அதாவது மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் ஆசிரியராவதற்கான படிப்புகள், பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில், தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து வந்தவை மட்டும் தனிக் கட்டாகச் சேர்ந்துவிட்டன. எழுதியவர்களில் நிறையப் பேர் மாற்றுத்திறனாளிகள், சிலர் பெற்றோர், ஒருவர் தலைமையாசிரியர். அடிக்கடி வந்த கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். நானும் போலியோவால் இடது காலில் காலிப்பர் (காலைத் தாங்கும் கருவி) போட்டு நடக்கிறவள், தர்மபுரி மாவட்டத்தில்தான் சிறப்புப் பயிற்றுநராக இருக்கிறேன், அதனால் சட்டம் சொல்வதையும் கண்ணால் பார்த்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, எனக்கு 23 வயது. பிறவியிலிருந்தே மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி). நடப்பேன், வேகமாக நடக்க வராது. வலது கை சரியாகப் பிடிக்காது, பேச்சு கொஞ்சம் குழறும். பி.ஏ. தமிழ் முடித்துவிட்டு, சிறப்புக் கல்வியில் பி.எட். படிக்க ஆசைப்படுகிறேன். "உன்னைப் பார்த்துக்கவே ஒரு ஆள் வேணும், நீ எப்படிம்மா அந்தப் பிள்ளைங்களைப் பார்ப்ப?" என்கிறார் அப்பா. ஒரு பிள்ளை எழுந்து ஓடினால் என்ன செய்வேன் என்று எனக்கும் பயம்தான். என் பேச்சு அவர்களுக்குப் புரியுமா?
(பெயர் வேண்டாம், பென்னாகரம் அருகில்)

பதில்: தாராளமாகப் படிக்கலாம் தங்கச்சி, வேலைக்கும் போகலாம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது, அதில் மூளை முடக்குவாதமும் ஒன்று. 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று இருந்தால், அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகளில் 5 சதவீத இடம் ஒதுக்க வேண்டும், வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வும் உண்டு. அரசு வேலையில் 4 சதவீதம், அதில் ஒரு சதவீதம் கை கால் இயக்கக் குறைபாடு உள்ளவர்களுக்கு, உங்களுடையதும் அந்தக் கணக்கில்தான் வரும். வேலையில் சேர்ந்த பிறகு, நீங்கள் வேலை செய்யத் தேவையான வசதியைச் செய்து தருவது அரசு நிறுவனத்தின் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை (யு.டி.ஐ.டி.) இன்னும் வாங்கவில்லை என்றால் முதல் வேலையாக அதை வாங்குங்கள், மற்ற எல்லாக் கதவும் அதைக் காட்டித்தான் திறக்கும்.

சரி, அப்பாவுக்கு வருவோம். அவர் உங்களைத் தூக்கிக் குளிப்பாட்டி, ஊட்டி, பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோய் விட்டிருப்பார். 'அந்தப் பிள்ளைகளைப் பார்க்கிறது' என்றால் அவர் மனதில் வருவது அந்த வேலைதான், அதனால் அவர் மேல் வருத்தப்படாதீர்கள். ஆசிரியர் வேலை வேறு. பிள்ளை தானாக ஒன்றைச் செய்யும்படி பழக்குவதுதான் நம் வேலை, அதற்குக் கையில் பலத்தைவிட யோசனையும் பொறுமையும் அதிகம் வேண்டும்.

நான் போகிற ஒரு பள்ளியில் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன், இடது கை இறுக்கம், விரல்கள் முழுசாக விரியாது. சட்டைப் பட்டன் போடப் பழக்க வேண்டும் என்று அவன் அம்மா கேட்டார். பட்டன் போடுவது நமக்கு ஒரே வேலை, ஆனால் பிரித்துப் பார்த்தால் உள்ளே நாலைந்து வேலை இருக்கும்: துளை இருக்கிற ஓரத்தைப் பிடிக்கணும், பட்டனைச் சாய்க்கணும், பாதி நுழைக்கணும், அந்தப் பக்கம் விரலை மாற்றணும், இழுக்கணும். நான் கடைசியிலிருந்து ஆரம்பித்தேன். பெரிய பட்டன் வைத்த பழைய சட்டையை மேசை மேல் விரித்து, பட்டனை முக்கால்வாசி நானே நுழைத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் அவனை இழுக்கச் சொன்னேன். அவன் இழுத்ததும் பட்டன் முழுசாக வந்துவிடும், 'போட்டுட்டேன்' என்று அவனே சொல்வான். அது கைக்கு வந்த பிறகு பாதி நுழைத்துக் கொடுத்தேன், அப்புறம் நுனி மட்டும். ஒவ்வொரு தடவையும் முடித்தது அவன்தான், அதனால் அழுகையும் இல்லை, அடமும் இல்லை. பயிற்சியில் இதைப் பின்னிருந்து கோர்க்கும் முறை என்று கற்றுத் தருவார்கள். உங்களுக்கு வலது கை பிடிக்காது என்கிறீர்கள், அப்படியென்றால் ஒற்றைக் கையால் பட்டன் போட, பின்னல் போட, பேனா மூடி திறக்க நீங்களே ஏதோ ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருப்பீர்கள். அந்த வழி எந்தப் பாடப் புத்தகத்திலும் இருக்காது, ஒரு கை மட்டும் வேலை செய்கிற பிள்ளைக்கு அதை நீங்கள் செய்து காட்டுவது போல நான் காட்ட முடியாது.

ஆனால் இதில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 'நானும் மாற்றுத்திறனாளி, அதனால் இந்தப் பிள்ளைகளை எனக்குப் புரியும்' என்ற நினைப்போடு வராதீர்கள். போலியோ வந்த எனக்குக் காலைப் பற்றித் தெரியும், படி ஏறுவது பற்றித் தெரியும், பஸ்ஸில் பார்க்கிற பார்வை பற்றித் தெரியும். ஆட்டிசம் உள்ள ஒரு பிள்ளைக்கு மின்விசிறிச் சத்தம் எப்படிக் கேட்கிறது என்று என் கால் எனக்குச் சொல்லித் தரவில்லை, அதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். உங்கள் வாழ்க்கை உங்களுக்குக் கொடுத்திருப்பது ஒரு பழக்கம்: 'இது இப்படி முடியாது, அப்படியானால் வேறு எப்படி முடியும்' என்று உடனே யோசிக்கிற பழக்கம். இந்த வேலைக்கு அது பெரிய மூலதனம். அதன் மேல் படிப்பு வந்து உட்கார வேண்டும்.

ஓடுகிற பிள்ளையைப் பற்றிப் பயப்படுகிறீர்கள். நல்ல கால் இருக்கிறவர்களே பல நேரம் பிடிக்க முடியாது, இந்தப் பிள்ளைகளின் வேகம் அப்படி. பிடிப்பதை நம்பி வகுப்பு நடத்துகிற ஆசிரியர் யாராக இருந்தாலும் ஒரு நாள் மாட்டுவார். பிள்ளை ஏன் ஓடுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். மணி அடித்தால் ஓடுகிறதா, சமையல் கூடத்திலிருந்து சாம்பார் வாசனை வந்தால் ஓடுகிறதா, கணக்குப் புத்தகத்தை எடுத்தால் ஓடுகிறதா என்று நாலு நாள் குறித்து வைத்தாலே பாதி விடை கிடைத்துவிடும். கணக்குக்காக ஓடினால் கணக்கைக் குறைத்து, நடுவில் எழுந்து நடக்க நேரம் கொடுக்கலாம். அப்புறம் வகுப்பறை ஏற்பாடு: கதவுக்கு உயரத்தில் தாழ்ப்பாள், கதவுப் பக்கம் உங்கள் நாற்காலி, அந்தப் பிள்ளைக்குச் சுவரோரம் இடம், உதவியாளர் ஒருவர். இவ்வளவும் எந்த ஆசிரியருக்கும் இருக்க வேண்டியதுதான், உங்களுக்காகச் செய்கிற சலுகை கிடையாது. பிள்ளையைத் தூக்குவது, கழிப்பறையில் இடம் மாற்றுவது இதெல்லாம் உங்களால் முடியாது என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். தூக்கப் போய் இரண்டு பேரும் விழுவது யாருக்கும் நல்லதில்லை.

பேச்சு விஷயத்தில் நீங்கள் நினைப்பதைவிட நிலைமை பரவாயில்லை. நிறையப் பேசுகிற ஆசிரியர்தான் பல பிள்ளைகளுக்குச் சிரமம். 'வா', 'உட்கார்', 'எடு', 'கொடு', 'முடிஞ்சது' என்று சின்னச் சொல், தினமும் அதே சொல், கூடவே கையில் படம்: இதுதான் அவர்களுக்கு வசதி. காலையில் வந்ததும் பை, பாய், பாட்டு, எழுத்து, சாப்பாடு என்று படங்களை வரிசையாக ஒட்டி, முடிந்த ஒவ்வொன்றையும் பிள்ளையே பிய்த்து டப்பாவில் போடுகிற அட்டை ஒன்று செய்து வையுங்கள், வகுப்பு முக்கால்வாசி அதிலேயே ஓடும். உங்கள் குரலுக்குப் பிள்ளைகள் பழகிவிடுவார்கள், பெரியவர்களுக்குத்தான் நாளாகும். ஆனால் இந்தப் படிப்பில் குறைபாடு வாரியாக இருக்கும் பிரிவுகளில், செவித்திறன் குறைபாட்டுப் பிரிவை மட்டும் யோசித்து எடுங்கள் என்பேன். அங்கே சைகை தெரியாத பிள்ளைகள் உதட்டசைவையும் காதுக் கருவியில் வருகிற ஒலியையும் நம்பித்தான் பேச்சு கற்கிறார்கள், உங்களுக்கும் அவர்களுக்கும் அது கஷ்டமாகும். அறிவுசார் குறைபாடு அல்லது ஆட்டிசம் பிரிவு உங்களுக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம்.

கல்லூரிக்குப் போய்ப் படித்தால் இரண்டு வருடம். பட்டத்தில் 50 சதவீத மதிப்பெண் கேட்பார்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு விதிப்படி தளர்வு உண்டு. சென்னையை ஒட்டி முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது, கோவை பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா நிறுவனம் இருக்கிறது, வீட்டிலிருந்தே படிக்கத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் சிறப்புக் கல்வியில் பி.எட். நடத்துகிறது. தொலைநிலை என்றாலும் நேர்முக வகுப்பும் பள்ளிப் பயிற்சியும் கட்டாயம் உண்டு, வீட்டில் உட்கார்ந்தே முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். தேர்வில் எழுத உதவியாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள், ஒரு மணி நேரத் தேர்வுக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தர வேண்டும் என்று 2018-இல் ஒன்றிய அரசு விதிமுறை கொடுத்திருக்கிறது. சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை, வெளியூர் அரசுப் பேருந்தில் நாலில் ஒரு பங்கு கொடுத்தால் போதும். படிப்பு உதவித்தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். உங்கள் வட்டார வள மையத்தில் (ஒன்றியத்துக்கு ஒன்றாகக் கல்வித் துறை நடத்துகிற மையம்) பிள்ளைகளுக்குப் பயிற்சி நடக்கிற நாளில் கேட்டுக்கொண்டு போய் உட்காருங்கள். அப்பாவையும் கூட்டிப் போங்கள். ஒரு நாள் போதாது, சில வாரம் போங்கள். பிள்ளை எச்சில் வடித்துக்கொண்டு உங்கள் மடியில் சாயும், கடிக்கும், நாள் முழுக்க ஒரே எழுத்தை மறந்துகொண்டே இருக்கும். அதற்குப் பிறகும் அடுத்த நாள் போகத் தோன்றினால் விண்ணப்பத்தை வாங்குங்கள்.

கேள்வி: எனக்கு இரண்டு காதும் கேட்காது, கருவி போட்டால் சத்தம் மட்டும் தெரியும். காது கேட்காத பிள்ளைகளுக்கு நானே ஆசிரியராகலாமா, அல்லது கேட்கிறவர்கள்தான் ஆக முடியுமா?
(ஒரு வாசகர், ஊத்தங்கரை)

பதில்: ஆகலாம் தம்பி. சைகை மொழி நன்றாக வருமென்றால் உங்களுக்காகவே ஒரு படிப்பு இருக்கிறது: டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையத்தின் பாடத்திட்டப்படி நடக்கும், சைகை மொழி கற்பிப்பதற்கான இரண்டு ஆண்டு டிப்ளமோ. அதில் காது கேளாதவர்கள் மட்டும்தான் சேர முடியும். பள்ளியில் பாடம் நடத்த வேண்டுமென்றால் பிளஸ் டூவுக்குப் பிறகு சிறப்புக் கல்வி டிப்ளமோ, பட்டத்துக்குப் பிறகு பி.எட்., செவித்திறன் பிரிவு. கல்லூரியில் சைகை மொழிபெயர்ப்பாளர் வருவாரா என்று சேர்வதற்கு முன்பே கேளுங்கள், சேர்ந்த பிறகு கேட்டால் இழுத்தடிப்பார்கள்.

நம் பக்கத்துக் கிராமங்களில் காது கேளாத பிள்ளைகள் பெரும்பாலும் காது கேட்கிற அப்பா அம்மாவுக்குப் பிறந்தவர்கள். வீட்டில் நாலைந்து ஜாடைதான் ஓடும், சோறு, தண்ணீர், தூக்கம், அடி. அந்தப் பிள்ளை வளர்ந்து என்னவாகும் என்று பெற்றோருக்கும் தெரியாது, ஏனென்றால் அப்படி வளர்ந்த ஒருவரை அவர்கள் பார்த்ததே இல்லை. நீங்கள் வண்டியில் வந்து இறங்கி, பலகையில் எழுதி, கைகளால் ஒரு கதையை முழுசாகச் சொல்வதை அந்த அம்மா பார்க்கட்டும்.

கேள்வி: என் ஆறு வயது மகனுக்கு ஆட்டிசம். அவன் போகும் மையத்தில் புதிதாக வந்திருக்கும் டீச்சர் ஊன்றுகோல் வைத்து நடக்கிறார். நல்லவராகத்தான் தெரிகிறார், ஆனால் என் பையன் துறுதுறுவென்று இருப்பான். வேறு டீச்சர் கேட்டால் தப்பா?
(ஒரு அம்மா, ஓசூர்)

பதில்: உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, பிள்ளையைப் பெற்றவர் கேட்காமல் வேறு யார் கேட்பது. ஆனால் ஊன்றுகோலைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். சிறப்பு ஆசிரியர்களைப் பதிவு செய்கிற இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு எண் இருக்கிறதா, ஒரே நேரத்தில் எத்தனை பிள்ளைகள், உதவியாளர் உண்டா, வாசலில் கேட் பூட்டுகிறார்களா என்று கேளுங்கள். உங்கள் பையனுக்கென்று தனிநபர் கல்வித் திட்டம் எழுதியிருக்கிறார்களா, அடுத்த மூன்று மாதத்தில் எதைப் பழக்கப் போகிறார்கள் என்றும் கேளுங்கள். முன்பு இருந்த டீச்சரிடம் இதையெல்லாம் கேட்டிருந்தீர்களா? பாதுகாப்புக்கு ஆள் போதவில்லை என்றால் மையத்தை நடத்துகிறவரிடம் உதவியாளர் போடச் சொல்லுங்கள். அந்த டீச்சரை மாற்றச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வாரம் உள்ளே உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள், உங்கள் பையன் அவர் பக்கத்தில் எவ்வளவு நேரம் உட்காருகிறான் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: பக்கத்து ஊரில் ஆறு மாதத்தில் சிறப்பு ஆசிரியர் சான்றிதழ் தருகிறார்கள், மாற்றுத்திறனாளிகளுக்குக் கட்டணத்தில் பாதி தள்ளுபடி. சேரலாமா?
(பாலக்கோடு)

பதில்: பணம் கட்டுவதற்கு முன் மறுவாழ்வுக் கவுன்சிலின் இணையதளத்தில் அந்த நிறுவனத்தின் பெயரும், அந்தப் படிப்பின் பெயரும், இந்த ஆண்டுக்கான அனுமதியும் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேராதீர்கள். சிறப்புக் கல்வி ஆசிரியராக வேலை பார்க்க 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும், அனுமதி இல்லாத படிப்புக்குப் பதிவு கிடைக்காது. தள்ளுபடி என்ற பெயரில் நம்மைக் குறி வைத்து வருகிறவர்கள் மேல் எனக்குக் கடும் கோபம் உண்டு, அந்தப் பாதிப் பணமும் யாரோ ஒருவர் ஆடு விற்றுக் கட்டியதாக இருக்கும்.

கேள்வி: எங்கள் பள்ளிக்கு வாரம் ஒருமுறை வரும் சிறப்புப் பயிற்றுநர் சக்கர நாற்காலியில் வருகிறார். எங்கள் ஐந்தாம் வகுப்பு மாடியில் இருக்கிறது. என்ன செய்யலாம்?
(தலைமையாசிரியர், அரூர் ஒன்றியம்)

பதில்: வகுப்பைக் கீழே கொண்டுவாருங்கள் சார். கட்டடம் கட்ட வேண்டாம், மூன்றாம் வகுப்பை மாடிக்கு மாற்றினால் முடிந்தது. அவர் பயிற்சி கொடுக்கிற பிள்ளைகளில் மாடி ஏறத் திணறுகிறவர்களும் இருப்பார்கள், அவர்களுக்கும் சேர்த்தே ஆகும். வாசலில் சாய்தளம் போட்டால் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் விடச் சொல்லுங்கள். பல பள்ளிகளில் செங்குத்தாகப் போட்டுவிட்டு அதில் பைக் ஏற்றுகிறார்கள். கழிப்பறைக் கதவின் அகலத்தையும் அளந்து பாருங்கள், நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் வேலை பார்க்கிற ஆசிரியைகளை எனக்குத் தெரியும்.

கேள்வி: எனக்குப் பார்வை 75 சதவீதம் இல்லை. பார்வைத்திறன் பிரிவில் பி.எட். முடித்துப் பதிவு எண்ணும் வாங்கிவிட்டேன். வீட்டில் தெலுங்கு பேசுவோம். வேலை நிரந்தரமாகுமா, இல்லை காலம் முழுக்கத் தொகுப்பூதியமா?
(தேன்கனிக்கோட்டை)

பதில்: உள்ளதைச் சொல்கிறேன். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வட்டார வள மையங்களில் இருக்கும் சிறப்புப் பயிற்றுநர்கள் வருடக்கணக்கில் தொகுப்பூதியத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். ஒரே வாரத்தில் பல பள்ளி, நடுவில் படுத்த படுக்கையான பிள்ளைகளின் வீட்டுக்கும் போக வேண்டும், இவ்வளவு வேலைக்கு அந்தச் சம்பளம் நியாயமில்லை. ஆனால் நிலைமை நகர்ந்திருக்கிறது. தொடக்க வகுப்புகளில் 10 சிறப்புப் பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 மார்ச் 7-ஆம் தேதி, அந்தக் கணக்குப்படி பணியிடங்களை அறிவித்து நிரப்ப எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. தற்காலிகமாக இருப்பவர்களின் தகுதியைப் பார்க்கக் குழு அமைக்கவும் சொன்னது. அதனால் தொகுப்பூதியம் என்று விட்டுவிடாமல் சேருங்கள், சேர்ந்த தேதி, பணிச்சான்று எல்லாம் கையில் இருக்கட்டும்.

தெலுங்கு தெரிவதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். உங்கள் பக்கம், தளி, ஓசூர், அஞ்செட்டி எல்லாம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற பிள்ளைகள் நிறைய, பார்வை இல்லாத ஒரு பிள்ளை வீட்டில் ஒரு மொழியைக் கேட்டு வளர்ந்துவிட்டு, பள்ளியில் திடீரென்று தமிழில் 'இடது பக்கம் திரும்பு' என்றால் நின்றுவிடும். கோலைத் தட்டி நடக்கப் பழக்குவதை முதலில் அது கேட்டு வளர்ந்த பேச்சிலேயே சொல்ல வேண்டும், விண்ணப்பத்தில் உங்களுக்குத் தெரிந்த மொழிகளை மறக்காமல் எழுதுங்கள்.

பள்ளி ஒதுக்கும்போது பஸ் நிற்கிற ஊர்களை ஒட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள், மலை மேல் வீட்டுப் பயிற்சிக்கு இயன்முறை மருத்துவர் போகிற நாளில் சேர்ந்து போகிற மாதிரி கேளுங்கள், வருகைப் பதிவு செயலி திரை வாசிப்பானில் (திரையில் இருப்பதைப் படித்துச் சொல்கிற மென்பொருள்) படிக்க வருகிறதா என்று பார்த்து, வரவில்லை என்றால் காகிதத்தில் கொடுக்க அனுமதி கேளுங்கள். வாயால் சொன்னால் நிற்காது. எழுத்தில் கொடுங்கள், பதில் வரவில்லை என்றால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கிற குறைதீர் கூட்டத்தில் அதே மனுவின் நகலை வைத்து ரசீது வாங்குங்கள், அதற்கும் பதில் இல்லையென்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் போகும்போது அந்த ரசீதுதான் பேசும்.